காற்றடித்தால் லீவு

மெல்போர்ன் அலுவலகங்களில் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு விசித்திரமான வயிற்றுவலி உலவும். காலையில் தலைகாட்டாது. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிவாக்கில், தென்மேற்குத் திசையிலிருந்து வரும். வந்தவர் முகத்தில் வேதனைக்குப் பதில் ஒரு பரவசம் தெரியும். மூன்று மணி மீட்டிங்கை நாளைக்குத் தள்ளிவைப்பார், லேப்டாப்பை மூடுவார், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிப் படியில் இறங்குவார். வயிற்றுவலிக்காரர் ஏன் இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறார் என்று மேனேஜர் கேட்பதில்லை. பல சமயம் மேனேஜரும் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருப்பார்.

நோய் என்னவென்று அவருடைய கார் டிக்கியைத் திறந்தால் தெரிந்துவிடும். மூட்டையாகச் சுருட்டிய இரண்டு காத்தாடிகள், ஒரு பலகை, இடுப்புயரப் பம்ப், எந்தக் காலத்திலும் காய்ந்திராத ரப்பர் உடுப்பு, அரைப்படி மணல். இவர்தான் கைட்சர்ஃபர். காலில் பலகை, இடுப்புப் பட்டையில் கொக்கி, கையில் ஒரு கம்பி, தலைக்கு மேலே பத்து சதுர மீட்டர் காத்தாடி என்று கடலைக் கிழித்துக்கொண்டு போகிறவர். நமக்கு வசதியாகக் காத்தாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

காத்தாடிக்காரர் வானத்தைப் பார்த்துக் காற்றை அறிகிறவர் என்று நினைத்தால் அது தவறு. அவர் பார்ப்பது போனை. மெல்போர்னை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடாவில் ஃபாக்னர் பீக்கன் என்ற கலங்கரைக் கம்பத்தில் வானிலைத் துறை ஒரு காற்றுமானி வைத்திருக்கிறது. பையனின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தி மூன்று நாளாகத் திறக்கப்படாமல் கிடக்கும். ஃபாக்னர் பீக்கனைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நலம் விசாரித்துவிடுவார். 12 நாட் வேகத்துக்குக் கீழே காட்டினால் அன்று யாரிடமும் பேசமாட்டார். 18 காட்டினால் எல்லாரையும் மன்னித்துவிடுவார். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர் என்று நாமாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவரிடம் கேட்டால் பதில் முடிய இருட்டிவிடும்.

கடற்கரைக்கு வந்துசேர்ந்தவுடன் காத்தாடிக்காரர்களுக்குள் நடக்கும் பேச்சு வெறும் எண்களால் ஆனது.

“இன்னைக்கு என்ன எடுத்திருக்கீங்க?”

“ஒன்பது.”

“ஒன்பது பத்துமா?”

“பத்தலைன்னா பன்னிரண்டு இருக்கு.”

காத்தாடியின் பரப்பைத்தான் சொல்கிறார்கள், சதுர மீட்டரில். காற்று கூடினால் சின்னது, குறைந்தால் பெரியது. அதனால் ஒருவரிடம் ஒரு காத்தாடி மட்டும் இருக்க வழியே இல்லை. குறைந்தது இரண்டு, ஆசைக்கு மூன்று. வீட்டில் விலை கேட்டால் பழையது என்பார். எத்தனை பழையது என்று கேட்டால் காற்று பார்க்க வெளியே போய்விடுவார்.

இவர் கூடாரம் போடும் இடம் செயின்ட் கில்டாவின் வெஸ்ட் பீச். நகரத்திலிருந்து டிராமில் வந்து இறங்கிவிடலாம். பின்னால் பேரீச்ச மரங்கள் நிற்கும் கட்டானி பூங்கா, ஒரு பக்கம் செயின்ட் கில்டா பையர், அந்தண்டை 1912-இல் திறந்த லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவின் வாய் பிளந்த முகம். பையர் முனையில், 1956 ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகளுக்காகக் கட்டிய கற்சுவரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிப் பெங்குவின்கள் குடியிருக்கின்றன. இந்தக் கடலில் தினமும் நீந்தியும் இதுவரை யார் மீதும் புகார் கொடுக்காதவை அவை மட்டும்தான்.

மற்றவர்களின் சண்டைக்கு மூலகாரணம் சூரியன். வெயில் ஏற ஏறத் தரை சூடாகும், தரைக்கு மேலிருக்கும் காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். அதாவது எந்த வெயில் ஊர் மக்களைத் துண்டும் பந்துமாகக் கடலுக்கு விரட்டுகிறதோ, அதே வெயில்தான் காத்தாடிக்காரருக்கு வயிற்றுவலியையும் தருகிறது. கூட்டமில்லாத நாளாகப் பார்த்துக் காத்தாடி விடக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூட்டமில்லாத கோடை நாளில் பெரும்பாலும் கடற்காற்றும் இருக்காது.

40 டிகிரி நாட்களில் மட்டும் இயற்கையே ஒரு சமரசம் செய்துவைக்கும். காலை முழுக்க உள்நாட்டிலிருந்து வடக்குக் காற்று அனலாக வீசும். அது கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அதில் காத்தாடி விட்டால் ஆளும் கடலுக்குள் போய்விடுவார். ஆகையால் அந்த நேரம் முழுக்கக் குளிப்பவர்களின் ராஜ்ஜியம். மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்மாற்றம் வரும். அரைமணி நேரத்தில் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். குளித்தவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி காரை நோக்கி ஓட, எதிரே காத்தாடிக்காரர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு கடலை நோக்கி ஓடுவார்கள். ஒருவரையொருவர் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவதோடு சரி, சண்டை வராது. வம்பெல்லாம் 30 டிகிரி நாட்களில், மதியம் மூன்றுக்கு மேல்.

சண்டை கடலில் நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசி மணலில் நடக்கிறது. காத்தாடிக்கும் ஆளுக்கும் இடையே நான்கு நூல்கள், ஒவ்வொன்றும் 20 மீட்டருக்கு மேல் நீளம். காத்தாடியை ஏற்றுமுன் இவற்றை மணலில் நீட்டி, சிக்கெடுத்து, சரிபார்த்து மாட்ட வேண்டும். நெரிசலான நகரக் கடற்கரையில் 20 மீட்டர் மணல் என்றால் ஆறு குடும்பம் பாய் விரிக்கிற இடம். இவர் நூலை விரித்த ஐந்தாவது நிமிஷம் ஒரு நாய் அதன்மேல் ஓடும், நாயைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை, குழந்தையைத் துரத்திக்கொண்டு ஒரு அப்பா. காதில் பாட்டு மாட்டிய ஓட்டக்காரர் ஒருவர் நான்கு நூலையும் காலில் சுற்றிக்கொண்டு, என்ன தடுக்கிற்று என்றே தெரியாமல் கொஞ்ச தூரம் இழுத்துப் போவார்.

காத்தாடிக்காரர் அப்போது கத்துவதைக் கேட்டால் அகம்பாவம் பிடித்தவர் என்றுதான் தோன்றும். உண்மையில் பயத்தில் கத்துகிறார். நூலின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. இருநூறு கிலோவுக்கு மேல் தாங்கும். மாஞ்சா நூல் செய்திகளைப் படித்து வளர்ந்த சென்னைக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இதில் கண்ணாடித் தூள் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம், தேவையும் இல்லை. தரையில் கிடக்கும்வரை அது நூல். காத்தாடி காற்றைப் பிடித்துவிட்டால் அது வேறு சாமான். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு வருவதால், கை தவறிய காத்தாடி போய்ச் சேருகிற இடம் பாய் விரித்த குடும்பங்கள். அவர்கள் தப்பினால் பேரீச்ச மரம்.

ஒரு காலத்தில் இவர்களால் இவ்வளவு தொல்லை இல்லை. கடலில் விழுந்த காத்தாடி விழுந்ததுதான். நனைந்த துணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த லெகெய்னூ சகோதரர்கள், காத்தாடியின் விளிம்பில் காற்றடைத்துவிட்டால் அது மிதக்கும், தண்ணீரிலிருந்தே மறுபடி கிளம்பும் என்று கண்டுபிடித்து 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்றிலிருந்து காத்தாடிக்காரரைக் கடலாலும் ஓய்க்க முடியவில்லை.

இவர்களில் கற்றுக்குட்டியை மன்னித்துவிடலாம். அவர் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரத் தெரியாதவர். காற்று தள்ளிய திசையில் அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போய்க் கரையேறி, சுருங்கிய காத்தாடியைத் தோளில் சுமந்துகொண்டு, அத்தனை பாய்களுக்கும் நடுவே “சாரி, சாரி” என்று சொல்லியபடி நடந்து வருவார். இதற்கு அவர்கள் வட்டாரத்தில் ‘அவமான நடை’ என்றே பெயர். பக்குவப்பட்ட ஆள்தான் மன்னிக்க முடியாதவர். அவருக்கு எங்கே வேண்டுமானாலும் போய்வரத் தெரியும். போர்ட் பிலிப் விரிகுடாவின் பரப்பு சுமார் 1,930 சதுர கிலோமீட்டர். ஆனால் ஆளுயரம் ஐந்து மடங்கு எம்பிக் குதிக்க அவருக்குக் கரையிலிருந்து நாற்பதாவது மீட்டர்தான் வேண்டும். நடுக்கடலில் குதித்தால் யார் பார்ப்பார்கள்? காபிக் கடையிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற தூரத்தில் குதித்தால்தான் அது குதி.

அதே நாற்பதாவது மீட்டரில்தான் நம் நீச்சல்காரரும் நீந்திக்கொண்டிருப்பார்.

நீச்சல்காரர் தனி ஜாதி. கடலுக்குள் போகிறவர் அல்லர். கரையை ஒட்டிப் போய், கரையை ஒட்டித் திரும்புகிறவர். இடுப்பில் கயிறு கட்டி ஒரு ஆரஞ்சு மிதவை பின்னால் வரும். காதில் அடைப்பான், கண்ணில் நீலக் கண்ணாடி. மூச்சு விட ஒரே பக்கம்தான் தலையைத் திருப்புவார், அதுவும் கரைப் பக்கம். கடல் பக்கம் என்ன வந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒரு நிழல் சட்டென்று முதுகின்மேல் கடந்துபோகும்போதுதான் தலையைத் தூக்குவார். அதற்குள் நிழலுக்குச் சொந்தக்காரர் அடுத்த குதிக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். நீச்சல்காரர் நின்ற இடத்திலேயே கால் உதைத்துக்கொண்டு திட்டுவார். காற்று எதிர்த் திசையில் அடிப்பதால் அந்தத் திட்டு முழுவதும் கரையில் இருக்கும் நமக்குத்தான் வந்துசேரும்.

குளிர்காலத்தில் பத்து டிகிரித் தண்ணீரில் இறங்குகிற நீச்சல்காரர்களின் பெருமிதம் இன்னொரு கட்டு கூடுதல். வருஷம் முழுக்க இறங்குகிறவன் நான், மூன்று மாதம் வந்து ஆட்டம் போடுகிறவன் நீ என்பது அவர்கள் கட்சி. கடலுக்கும் பட்டா உண்டு போலிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பாக இருக்கும். விக்டோரியா மாநில நீர்வழி விதிப்படி, தண்ணீரில் இருக்கும் ஆளிலிருந்து 50 மீட்டருக்குள் 5 நாட்டுக்கு மேல் வேகம் கூடாது. 5 நாட் என்றால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். சாதாரணக் காத்தாடிப் பலகை அந்த வேகத்தில் ஓடாது; மூழ்கும். ஆக, மெதுவாகப் போ என்று எழுதியிருப்பதை, கிட்டே வராதே என்றுதான் படிக்க வேண்டும். காத்தாடிக்காரர் அப்படிப் படிப்பதில்லை. “மெதுவாகத்தான் வந்தேன்” என்பார். மூழ்கவில்லையே என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கரையில் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. இங்கே காத்தாடி, இங்கே குளியல், இன்ன மாதம் இன்ன எல்லை என்று படம் போட்டு விளக்கியவை. அவற்றைப் படிப்பவர்கள் இரண்டே வகை: சண்டை போடப்போகிறவர், சண்டை போட்டு முடித்தவர்.

காத்தாடிக்காரர் உள்ளபடியே அஞ்சுவது நீச்சல்காரரைக் கண்டு அல்ல, முழங்கால்காரர்களைக் கண்டு. நம்மவர்களைத்தான் சொல்கிறேன். டாண்டினாங், கிளென் வேவர்லி புறநகர்ப் பக்கமிருந்து மூன்று குடும்பங்கள் இரண்டு காரில் வருவார்கள். புளியோதரை டப்பா, பிளாஸ்க், மடக்கு நாற்காலி. நீந்த மாட்டார்கள். சுடிதாரையும் பேன்ட்டையும் முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரிசையாகத் தண்ணீரில் நிற்பார்கள். அலையே இல்லாத விரிகுடாவில் அலை வருமென்று காத்திருப்பார்கள். கரை நெடுக இடம் கிடக்க, காத்தாடிகள் ஏறி இறங்குகிற இடமாகப் பார்த்து நிற்பார்கள். ஏனென்றால் காத்தாடி பின்னணியில் விழுந்தால்தான் போட்டோ நன்றாக வரும். நீச்சல்காரர் ஒருவரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கைகோத்து நிற்கும் பதினோரு பேரை எந்தப் பக்கம் சுற்றுவது? காத்தாடிக்காரர் தலைக்கு மேலே காத்தாடியை நிறுத்திவைத்து, கடலுக்கும் கரைக்கும் நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, “எக்ஸ்கியூஸ் மீ” என்பார். நம்மவர்கள் புன்னகையோடு கையசைத்து, அவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள்.

வாக்குவாதம் முற்றினால் இரு தரப்பும் ஒலிம்பிக்கை இழுப்பது வழக்கம். காத்தாடிப் பந்தயம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்தது; மர்சேய் நகரக் கடலில் நடந்தது. சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர், 17 வயதுப் பையன், ஆகஸ்ட் 9 அன்று, தன் நாட்டின் தேசிய தினத்தன்றே, வெண்கலம் வாங்கினான். அந்தப் பதக்கத்தைத் தானே வாங்கியதாக நினைத்துத்தான் காத்தாடிக்காரர் பேசுவார். நீச்சல்காரர் சளைத்தவரா? “1896-லேயே நாங்கள் ஒலிம்பிக்கில் இருக்கிறோம், ஏதென்ஸ் பக்கத்துக் கடலில்தான் நீந்தினார்கள், குளத்தில் அல்ல” என்பார். இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் வெஸ்ட் பீச்சுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் விளங்கவில்லை.

நீச்சல்காரரின் பூர்வீகத்தையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இதே ஆஸ்திரேலியாவில் பகல் வெளிச்சத்தில் கடலில் குளிப்பது குற்றமாக இருந்தது. சிட்னி மேன்லியில் 1902-இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், நடுப்பகலில் இறங்கப்போகிறேன் என்று தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு இறங்கினார். அடுத்த ஆண்டு அங்கே தடை விலகியது. அன்றைய கனவான்களுக்குக் குளிப்பவர்தான் கடற்கரையின் தொல்லை. அவருடைய பேரன் பேத்திகள்தாம் இன்று நகராட்சிக்கு மனு எழுதுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த காத்தாடிக்காரர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மகன் என்னமோ விளையாட்டில் பெரிய ஆளாமே, பார்க்கலாமென்று சேலைக்கு மேல் ஜாக்கெட்டும் காதை மூடிய மப்ளருமாக வெஸ்ட் பீச் மணலில் உட்கார்ந்திருந்தார். மகன் ஒரு மணி நேரம் பறந்துவிட்டுக் கரைக்கு வந்தான். வரும்போதே ஒரு கையால் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே வந்தான். இறங்கப் போகிறேன், யாராவது வந்து காத்தாடியைப் பிடியுங்கள் என்பதற்கு உலகம் முழுக்கக் காத்தாடிக்காரர்களின் சைகை அது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

“ஐயோ, எம்புள்ள தலையில அடிச்சிக்கிடுதானே! என்னத்தப் பறிகொடுத்தானோ!” என்று எழுந்து, நேரே காத்தாடி இறங்குகிற இடத்தைப் பார்த்து ஓடினார்.

“யம்மா, அங்கயே நில்லு! வராத!” என்று மகன் கத்தினான். கத்தக் கத்தத் தலையில் வேகமாகத் தட்டினான். தட்டத் தட்ட அம்மா வேகமாக ஓடினார். நல்லவேளை, இடுப்புப் பட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பையன் குறுக்கே பாய்ந்து காத்தாடியின் நுனியைப் பிடித்து, மணலில் கவிழ்த்துப் போட்டு, மேலே நாலு கை மணலையும் அள்ளிப் போட்டான்.

மூச்சு வாங்கி முடித்ததும் அம்மா கேட்டார்: “எலே, ஊருல காத்தடிச்சா சன்னலச் சாத்துவோம். நீ துட்டு குடுத்துல்லா காத்துல போயி நிக்க!”

“யம்மா, இது ஸ்போர்ட்டும்மா. ஒலிம்பிக்ல இருக்கு.”

“இருக்கவுக இருக்கட்டும். நீ வீட்டுக்கு வா.”

ஆனாலும் அவன் கெட்டிக்காரன். அடுத்த ஆடி மாதம், மெல்போர்னில் குளிர் வாட்டும்போது, அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப் போகிறேன் என்று ஊருக்குப் போனான். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதென்று அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எழுபது கிலோ மகன் பறக்க மாட்டானா? அம்மா அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரச் சேலையோடு பிரசாதம் வாங்கித் திரும்பும்வரை அவன் ஆளரவமற்ற கரையொன்றில் பறந்துகொண்டிருந்தான். குளிக்கிற கூட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே படகு இழுக்கிற ஒரு பெரியவர், “தம்பி, மூணு மணிக்கு மேல காத்து எறங்கிடும்” என்றாராம். இறங்கிவிட்டது. ஃபாக்னர் பீக்கனை இவ்வளவு நாள் நம்பிவிட்டேனே என்று வருத்தப்பட்டான்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கேட்டால், காத்தாடிக்காரர்தான் விட வேண்டும் என்பேன். நீச்சல்காரர் கையில் ஒன்றுமில்லை. அவர் மோதி யாருக்கும் அடிபட்டதில்லை. பத்து சதுர மீட்டர் காற்றைப் பிடித்துவைத்திருப்பவர் அதற்கு ஜவாப்தாரி. குதிக்க ஆசையிருந்தால் நானூறு மீட்டர் தள்ளிப்போய்க் குதிக்கட்டும். காபிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படியும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக, காத்தாடிக்கென்று ஒதுக்கிய துண்டு மணலில்தான் பாயை விரிப்பேன் என்று நிற்பவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

வரும் கோடையில் செயின்ட் கில்டா போகிற உறவினர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முழங்காலளவு நிற்கத்தான் போகிறீர்கள் என்றால் பையரைத் தாண்டித் தெற்கே போங்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீரும் முழங்காலளவுதான். வெஸ்ட் பீச்சிலேதான் உட்கார வேண்டுமென்றால், தரையில் நூலைப் பார்த்தால் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். யாராவது தலையில் தட்டிக்கொண்டே கடலிலிருந்து வந்தால் பாவமென்று ஓடாதீர்கள். பக்கத்தில் இடுப்புப் பட்டை கட்டிய ஆள் இருப்பார், அவரைக் கூப்பிடுங்கள்.